ஏழுகிணற்றுச் சந்தில் வைத்த பரஸ்தானம்

கிணறு ஒன்றுகூட இல்லாத ஏழுகிணற்றுச் சந்தில், காக்காய்கூடப் பறக்கச் சோம்பி நிழல் பார்த்து நிழல் பார்த்து நடந்துபோகிற ஒரு சித்திரை மாதத்தில், போவதா இருப்பதா என்று தெரியாமல் ஒரு குடும்பம் தவித்தது என்றும், அது தவித்த தவிப்பில் பாளையங்கோட்டைக்குள் ஒரு பனிக்காலம் வந்து இறங்கியது என்றும் சொன்னால், அந்தச் சந்துக்காரர்கள் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். ஆமா, அதுக்கு என்ன இப்போ என்று கேட்டுவிட்டு, எந்த வீட்டு உள்ளறையில் இறங்கியது, அதில் முதன்முதலில் வழுக்கி விழுந்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்கள். விழுந்தது பால்காரர். பால் சிந்தவில்லை, தரைக்கு வருவதற்குள் உறைந்துவிட்டது.

தவித்த குடும்பம் ஆவுடையம்மாளுடையது. புருஷன் சங்கரநயினார் லிப்ட் மெக்கானிக். ஜவுளிக்கடை லிப்டோ ஆஸ்பத்திரி லிப்டோ இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனால் நயினாரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்து, கதவிடுக்கில் வாயை வைத்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மூச்ச விடுங்க என்று, கன்று போடப்போகிற பசுவிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே, கையால் சக்கரத்தைச் சுற்றி இறக்கிவிடுவார். அந்தப் பேச்சின் புகழ் எப்படியோ பூமியின் உச்சந்தலை வரைக்கும் போய்விட்டது. அங்கே, வடதுருவத்துக்குத் தெருமுக்குத் தூரத்தில் இருக்கிற ஒரு ஊரில் இருந்து, வேலை தருகிறோம், வீடு தருகிறோம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தருகிறோம், குடும்பத்தோடு வா, இந்த மாதம் கழியுமுன் பதில் சொல் என்று கூப்பிட்டுவிட்டார்கள். ஊரின் பெயர் கூட்ஸ் ரயில் மாதிரி நீளம். சொல்லி முடிப்பதற்குள் ஆறு வயதுக் கடைக்குட்டி தளவாய்க்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் சந்தில் அதற்கு நயினார் ஊர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நயினாருக்குப் போகவும் ஆசை, போகலாம் என்று வாய்விட்டுச் சொல்லவும் பயம். மூத்தவள் பகவதி, பதின்மூன்று வயது, காலையில் போகணும் என்பாள், தோழியைப் பார்த்துவிட்டு வந்து சாயங்காலம் போகக்கூடாது என்பாள். தளவாய்க்கு ஒரு பனிக்கரடி வேண்டும். அதை இங்கேயே கொண்டுவந்து கொடுத்தாலும் அவனுக்குச் சரிதான். ஆகமொத்தம் எல்லார் கண்ணும் ஆவுடையின் வாயில் இருந்தது.

அந்த வாய் சாதாரண வாய் அல்ல. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சரின் வாய். கோ-கோ அணியைப் பழக்குகிறவள் ஆவுடை. அவள் விசில் ஊதினால் முந்நூறு பெண்பிள்ளைகள் நின்ற இடத்தில் நிற்பார்கள், மதிலுக்கு அந்தப்பக்கம் போகிற ஆட்டோவும் நிற்கும். மைதானத்தின் ஒரு பக்கத்தைக் கலையரங்கம் தின்றுவிட, இன்னொரு பக்கத்தைப் பள்ளிக்கூட பஸ்கள் தின்றுவிட, மிச்சம் கிடந்த பாய் அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதிலேயே மாவட்டக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவள். அவள் குளிருக்குப் பயப்படுகிறாள் என்று சந்து நினைத்தது. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். உண்மையில் அவள் பயந்தது ஒரு நாற்காலிக்கு. அந்த ஊரில், பாஷை தெரியாமல், ஊத விசில் இல்லாமல், ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, புருஷன் எப்போ வருவார் பிள்ளைகள் எப்போ வரும் என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பொம்பளையை அவள் அடிக்கடி மனசுக்குள் பார்த்தாள். அந்தப் பொம்பளை கனமான கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். முகம் ஆவுடையின் முகமாக இருந்தது.

சந்து தன் பங்குக்கு யோசனை சொன்னது. மளிகைக்கடைக்காரர், அங்கெல்லாம் தும்முனா மூக்கு ஒடிஞ்சு கையில வந்துருமாம் என்று, தான் நேரில் பொறுக்கிக் கொடுத்தவர்போலச் சொன்னார். மொட்டைமாடிப் பொம்பளைகள், அங்கன சூரியனுக்கு ஆறு மாசம் லீவாமே, துணி எங்கட்டி காயும் என்று கேட்டார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார், கோப்பைப் படிப்பதுபோல உள்ளங்கையைப் பார்த்து, சாதகங்களும் உள்ளன, பாதகங்களும் உள்ளன, ஆகவே உரிய காலத்தில் பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அடுத்த வீட்டு உலகம்மா மைனி மட்டும், போறவ போவா, இருக்கிறவ இருப்பா, இதுல என்னத்துக்கு இந்தா பெரிய மாவு ஆட்டிக்கிட்டுக் கெடக்கா என்று, ஆவுடையின் காதில் விழும்படி, தன் வீட்டு கிரைண்டரிடம் சொன்னாள்.

அப்போதுதான் ஜோசியர் பிரமநாயகம் பஞ்சாங்கத்தோடு வந்தார். வாயை வெற்றிலைக்கு விட்டுவிட்டு மூக்கால் பேசுகிறவர். வடக்கே பயணம் போக இந்தச் சித்திரையில் ஒரே ஒரு வேளைதான் சுத்தமாக இருக்கிறது, அது நாளைக் காலை, அதைத் தவறவிட்டால் அப்புறம் பார்க்கிற திக்கெல்லாம் சூலம் என்றார். போறதே இன்னும் உறுதியாகலையே என்று நயினார் இழுத்தார். அதனால் என்ன, பரஸ்தானம் வைத்துவிடுங்கள் என்றார் ஜோசியர்.

பரஸ்தானம் என்பது காலத்தை ஏய்க்க நம்மவர்கள் கண்டுபிடித்த தந்திரம். நல்ல வேளையில் கிளம்ப முடியாதவர்கள், உடுத்திய துணி ஒன்றைப் பையில் வைத்து, அந்த வேளையில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கியாயிற்று என்று அர்த்தம். ஆள் பிறகு சாவகாசமாக, எந்தக் கெட்ட வேளையில் வேண்டுமானாலும், பையை எடுத்துக்கொண்டு போகலாம். கோள்களுக்குத் துணிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. அவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்தால் யாருக்குத்தான் தெரியும். ஆனால் போவது உறுதியானவர்கள்தான் அதை வைப்பார்கள். போவோமா மாட்டோமா என்று தெரியாதவர்கள் பரஸ்தானம் வைத்ததாகப் பஞ்சாங்கம் அச்சான காலத்தில் இருந்து பேச்சே கிடையாது. வச்சுப்போடுங்க, போனா போங்க, போகாட்டா பைய எடுத்துக்கிடுங்க என்றார் ஜோசியர், தொடங்கிய பயணம் என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி, வேண்டாம் என்றால் திருகி நிறுத்திவிடலாம் என்பதுபோல.

நயினார் போட்டிருந்த நீலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். பகவதி ஒரு சுடிதாரும் தளவாய் ஒரு டிரவுசரும் கொடுத்தார்கள். என்னுதை நான் வச்சுக்கிடுதேன் என்று ஆவுடை பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உடுத்திய சேலைகள் கொடியில் கிடந்தன. அவள் பீரோவைத் திறந்து, பொங்கலுக்கு எடுத்து, ஓரம் அடிக்காமல், மடிப்புக் கலையாமல், கடை வாசனையோடு இருந்த ஒரு சேலையை உருவிப் பைக்குள் வைத்துக் கட்டிவிட்டாள். அவள் உடம்பு ஒரு தடவைகூடப் படாத துணி. நடுவர் அசந்த நேரத்தில் கோட்டை மிதித்துவிட்டு ஓடுவதுபோல அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடத்துக்கு வரும்போது சிரிப்பு போய்விட்டது.

பையை உலகம்மா மைனி வீட்டு உள்ளறையில், அரிசி மூட்டைக்கும் பித்தளை அண்டாவுக்கும் நடுவில், வடக்குப் பார்க்க வைத்தார்கள்.

மறுநாள் உலகம்மா அரிசி எடுக்க உள்ளறைக்குப் போனாள். படியைக் கொண்டு அள்ளினாள். அள்ளியது அரிசி இல்லை. அது படியிலேயே கரைந்து தண்ணீராகி, அவள் முழங்கைவழியாக ஓடியது. நிமிர்ந்து பார்த்தாள். பின்சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. அங்கே வெள்ளையும் நீலமுமாக ஒரு நிலம் விரிந்து கிடந்தது. அது எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்கியது என்று யாரும் கோடு போட்டிருக்கவில்லை. வெகுதூரத்தில் மஞ்சள் பொட்டு மஞ்சள் பொட்டாகச் சில விளக்குகள், பட்டப்பகலில், அடியில் ஒரு ஊர் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் காட்டிக்கொடுக்காமல் எரிந்தன. உலகம்மா பிறந்ததில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பஸ்ஸும் மிக்சியும் கோயில் மைக்கும் அந்த அறையின் வாசற்படியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டன. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கையெடுத்துக் கும்பிடலாமா என்று யோசித்து, எந்தச் சாமி என்று தெரியாததால் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஆவுடை வீட்டுக்கு வந்தாள்.

"ஏ ஆவுடை, உன் பை எங்க வீட்டுல ஒரு ஊரையே கூட்டியாந்து உக்கார வச்சிருக்கு. அரிசி எடுக்க வழியில்ல. வந்து என்னன்னு பாரு."

முதல் நாள் சந்து பார்த்தது. அடுத்த நாள் தொட்டது. அதற்கடுத்த நாளில் இருந்து புழங்க ஆரம்பித்துவிட்டது. வேர்க்குருக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். வாசற்படி ஓரமாகக் கொஞ்ச நேரம் காட்டினால் போதும், முதுகு வெள்ளரிப்பழம்போல ஆகிவிடும். தோசை மாவு புளிக்காமல் இருந்தது, மல்லிகை வாடாமல் இருந்தது, கரண்ட் போனால் சந்தே எழுந்து உலகம்மா வீட்டுக்கு வந்தது. பரணில் கிடந்த குரங்குக் குல்லாய்களும், எப்போதோ ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டர்களும், ஆஸ்பத்திரிக் கம்பளிகளும் இறங்கின. வெளியே கத்திரி வெயில் தாரை உருக்க, மனிதர்கள் கையில் ஸ்வெட்டரோடு, முடிவெட்டிக்கொள்ளக் காத்திருப்பவர்கள்போல வரிசையில் நின்றார்கள். கவுன்சிலர் வந்து, வாசற்படியிலேயே சால்வை வாங்கிக்கொண்டு, இந்தக் குளிரைக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்று பேச, பேசிய பேச்செல்லாம் அவர் வாயில் இருந்து வெள்ளைப் புகையாகப் புறப்பட்டதைக் கண்டு அவரே பயந்து, அத்துடன் முடித்துக்கொண்டார். ஒரு பொதுச்சுவருக்காகப் பதினோரு வருஷமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவர் தெரியாத்தனமாக ஒரே நேரத்தில் உள்ளே போய்விட, இரண்டு பேரின் மூச்சும் வெளியே வந்து, ஒன்றோடு ஒன்று கலந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் மேலே போனது. இருவரும் வெளியே வந்து ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். ஆனால் மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார்கள்.

வடகோடி வீட்டுப் பொன்னுலிங்கம் இறந்தபோது, மகன் மஸ்கட்டில் இருந்து வந்து சேரும் வரைக்கும் வாடகை ஐஸ் பெட்டி எதற்கு, இங்கேயே இருக்கட்டும் என்று படிக்கு அந்தப் பக்கம் பனியில் கிடத்தினார்கள். சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்த பொம்பளைகளின் வாயில் இருந்து அழுகை வெள்ளை வெள்ளையாகப் புறப்பட்டு மேலே ஏறியது. இத்தனை காலம் அழுதும், அழுகை எங்கே போகிறது என்று அவர்கள் கண்ணால் கண்டதில்லை. ஒருத்தி பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாந்தாள்; எல்லாரும் அண்ணாந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அழுதபோது மெதுவாக, பார்த்துப் பார்த்து, ஒன்றை அனுப்பிவிட்டு அது போய்ச் சேரும் வரை காத்திருந்து அடுத்ததை அனுப்பினார்கள்.

காலடிகளை முதலில் கண்டது பகவதி. பையில் இருந்து தொடங்கி, விளக்குகளைப் பார்த்து, பனியில் காலடிகள் போயிருந்தன. நேற்று இருந்ததைவிட இன்று கொஞ்ச தூரம் கூடுதலாக. சந்துக்கு யார் நடையும் தெரியும். இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்திருப்பது நயினார், லிப்ட் குழிக்குள் விழுந்து எழுந்த கால் அது. நாலு எட்டுக்கு ஒரு தரம் துள்ளியிருப்பது பகவதி. நடு நடுவே பொத்தென்று உட்கார்ந்த தடத்தோடு போயிருப்பது தளவாய். மூன்று பேர். சந்து ஒருமுறைக்கு இருமுறை எண்ணிவிட்டு ஆவுடையைத் திரும்பிப் பார்த்தது. உலகம்மா மைனி மட்டும்தான் வாய்விட்டுக் கேட்டாள், உன் காலை எங்கட்டி காணோம் என்று.

அன்று மத்தியானம் சோறு போடும்போதுதான் ஆவுடை கவனித்தாள். அடுப்படி கொதித்தது, அவளுக்கு நெற்றியில் இருந்து வியர்வை ரசத்தில் சொட்டுகிற மாதிரி வழிந்தது. சாப்பிட உட்கார்ந்த மூன்று பேருக்கும் ஒரு சொட்டு இல்லை. தளவாயின் கையைத் தொட்டாள். தண்ணீர்ப் பானையைத் தொட்டதுபோல இருந்தது. அவன் அப்பளம் கேட்டான். கேட்ட வாயில் இருந்து, சித்திரை மாதத்தில், மெல்லிசாகப் புகை வந்தது. சும்மா இருக்கும்போதே அவன் எதையோ பார்த்துச் சிரித்தான். எதைப் பார்க்கிறான் என்று அவள் திரும்பிப் பார்த்தால் அங்கே காலண்டர்தான் தொங்கியது. மூவரும் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்து நிற்கிறார்கள், நாளாக நாளாகப் பாரம் அந்தக் காலுக்குப் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பதை அதனிடம் மறைக்க முடியாது.

பிள்ளைகள் எழுந்துபோன பிறகு அவள் சொன்னாள்.

"நான் உடுத்தாத சேலையை வச்சிட்டேன் அத்தான்."

நயினார் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்," என்றார். "பையத் தூக்குறப்பவே ஜவுளிக்கடை வாசம் வந்துச்சு."

"பெறகு ஏன் ஒண்ணும் சொல்லாமக் கொண்டுபோய் வச்சிய?"

"கேட்டா, வரலன்னு சொல்லிருவியோன்னு பயம். நீ சொல்லாத வரைக்கும் நீ வருவேன்னு நெனச்சுக்கிடலாம்லா."

கதவிடுக்கில் வாயை வைத்து ஊரையே மூச்சுவிடச் சொல்கிற மனிதர், தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விட்டால் புகை வந்துவிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

இதற்குள் சந்து ஒரு தீர்மானத்துக்கு வந்து, வேட்டி மாற்றிக்கொண்டு, தூதாக வந்துவிட்டது. ஜோசியர் மூக்கால் விளக்கினார்: பை அங்கேயும், மனசு அங்கேயும் இங்கேயுமாகவும் இருக்கிற வரைக்கும்தான் வழி திறந்திருக்கும்; போகிறோம் என்று முடிவாகச் சொன்னாலும் வழி மூடிக்கொள்ளும்; போகவில்லை என்று பையை எடுத்தாலும் மூடிக்கொள்ளும். தாசில்தார் உள்ளங்கையைப் பார்த்து, எனவே தற்போதைய நிலையே மறு உத்தரவு வரும் வரை தொடரலாம் என்று வாசித்தார். போகணும்னும் சொல்லாண்டாம், இருக்கோம்னும் சொல்லாண்டாம், இப்படியே இழுத்துக்கிட்டு இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும் என்று பொம்பளைகள் கெஞ்சினார்கள். வெயிலில் வதங்கிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கெஞ்சுகிறவர்களிடம் என்ன சொல்வது. ஆவுடை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்கள் யாரும் தளவாயின் கையைத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

"நான் உள்ளே போய் அந்தக் காலடி எங்க முடியுதுன்னு பாத்துட்டு வாரேன்," என்றாள். "வந்து பதில் சொல்லுதேன். ஒரே பதில்."

போகாதே என்று சொல்ல எல்லாருக்கும் வாய் வந்தது, ஆனால் அவள் முந்நூறு பிள்ளைகளை நிறுத்துகிற குரலில் சொல்லியிருந்தாள். உலகம்மா மைனிதான் முதலில் தன் வீட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து அவள் இடுப்பில் கட்டினாள். அது எட்டாது என்று மளிகைக்கடைக்காரர் மூட்டைக் கயிற்றைக் கொண்டுவந்து அதில் முடிச்சுப் போட்டார். பால்காரர் மாட்டுக்கயிற்றைக் கொண்டுவந்தார். ஊஞ்சல் கயிறு, தொட்டில் கயிறு, பந்தல்காரரின் கயிறு, அந்த அண்ணன் தம்பி இருவரும் தனித்தனியாகக் கொண்டுவந்து தங்களுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்ட இரண்டு கயிறு என்று சந்தில் இருந்த கயிறெல்லாம் ஒரே கயிறானது. சேலையைத் தூக்கிச் செருகி, கேன்வாஸ் ஷூ போட்டு, ஆறு வீட்டு ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, நின்றால் தலையணைக்கடைபோலத் தெரிந்தாள் ஆவுடை. கயிற்றின் இந்த முனையை நயினாரும் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் சந்து பிடித்துக்கொண்டது.

அவள் படியைத் தாண்டினாள்.

பனி அவள் நினைத்ததுபோல மெத்தென்று இல்லை. சுட்ட அப்பளத்தின்மேல் நடப்பதுபோல நொறுங்கியது. குளிர் முதலில் பல்லுக்குள் போனது, பிறகு காதுக்கு, பிறகு அவள் பெயருக்குள்ளேயே போனதுபோல இருந்தது. கொஞ்ச தூரத்தில் சந்தின் முனகல் நின்றது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அவள் மூச்சும் ஷூவும் தவிர உலகத்தில் வேறு எதுவும் பேசவில்லை. வானத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம், யாரோ நீளமான துணியை அலசிப் பிழியாமல் உதறியதுபோல, எழுந்து அலைந்து அடங்கியது. அவள் நின்று பார்த்தாள், பார்த்து முடிகிற சமாச்சாரமாக அது இல்லாததால் மறுபடி நடந்தாள். மூன்று காலடிகள் முன்னே முன்னே போயின. தளவாய் விழுந்த இடத்திலெல்லாம் பகவதியின் காலடி திரும்பிவந்து நின்றிருந்தது. நயினாரின் காலடி அங்கங்கே நின்று, குதிகால் ஆழமாகப் பதியத் திரும்பி, வந்த திக்கைப் பார்த்து வெகுநேரம் நின்றிருந்தது.

பிறகு காலடிகள் முடிந்துவிட்டன.

முடிந்த இடத்தில், கிழக்கு மேற்காக ஒரே கோட்டில், பனியில் மூன்று குழிகள் இருந்தன. குத்துக்கால் போட்டு உட்கார்ந்த குழிகள். முதல் குழியில் முன்பாதம் வடக்கே பார்த்துப் பதிந்திருந்தது, நடுக்குழியில் தெற்கே பார்த்து, மூன்றாவதில் மறுபடி வடக்கே பார்த்து. வேறு யாராவது வந்திருந்தால் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஆவுடைக்கு அது பழகிய வரிசை. கோ-கோவில் துரத்துகிற அணி இப்படித்தான் உட்காரும், ஒருவர் இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவர் அந்தப் பக்கம் பார்த்து. பின்னால் வந்து முதுகைத் தொட்டு, கோ என்று ஒருத்தி சொல்லும் வரைக்கும், அவர்களாக எழுந்திருக்கக் கூடாது. அவளை விட்டுவிட்டு அவர்கள் எங்கேயும் போயிருக்கவில்லை. இத்தனை நாளும் இந்தக் குளிரில் குத்தவைத்து அவள் கைக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவள் நடுக்குழிக்குப் பின்னால் போய் நின்றாள். தெற்கே பார்த்த குழி, பகவதியின் குழி. இந்த முதுகைத் தொட்டால் போதும், பிள்ளை பார்த்த திக்கில் எழுந்து ஓடும், வீட்டுக்கு. அடுத்த முதுகைத் தொட்டால் விளக்குகளைப் பார்த்து ஓடும். கையைத் தூக்கிவிட்டாள். முதுகு இருக்க வேண்டிய உயரத்தில் கை நின்றது. ஆனால் எந்த முதுகைத் தொட்டாலும் ஒரு விதி இருக்கிறது: கோ கொடுத்தவள் உட்கார வேண்டும். எழுந்து ஓடியவரின் இடத்தில், அவர் குழியில், இன்னொரு கை வந்து தன்னைத் தொடும் வரைக்கும். அவள் அப்படித்தான் உட்கார்ந்து வந்திருக்கிறாள். மாநில அணியில் ஓடிக்கொண்டிருந்தவள் கல்யாணத்துக்கு உட்கார்ந்தாள். பயிற்சியாளர் படிப்புக்கு இடம் கிடைத்தபோது பகவதிக்காக உட்கார்ந்தாள். இப்போது ஜன்னலோரத்தில் அந்தக் கம்பளிச் சட்டைப் பொம்பளையாக உட்கார வேண்டியதுதான் பாக்கி. போனாலும் உட்கார வேண்டும், திரும்பினாலும் உட்கார வேண்டும் என்றால், ஆட்டத்தில் அவள் எந்த அணி?

அப்போதுதான் நிமிர்ந்து, தன் முதுகுக்குப் பின்னால், விளக்குகள் இருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே ஒரு காலடி இல்லை, ஒரு கோடு இல்லை. கலையரங்கம் இல்லை, பஸ் இல்லை, மதில் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரைக்கும், கண் களைத்துப்போன பிறகும், யாரும் இன்னும் கோடு போடாத வெள்ளை மைதானம், விளக்குகள் இருக்கிற ஊர் வரைக்கும், ஊரைத் தாண்டியும், சும்மா கிடந்தது. பாய் அகலத்தில் பன்னிரண்டு வருஷம் கோடு போட்டவள் அதைக் கண்ணால் அளக்கப் பார்த்தாள். இவ்வளவு இடத்தை யார் இப்படிப் பெருக்கி வைத்தது என்று நினைத்தாள். இதில் ஒருத்தர்கூட விளையாடவில்லையே என்று நினைத்தாள். உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்தது.

துரத்துகிறவர்களுக்குத்தான் உட்காருகிற விதி. ஓடுகிறவளுக்கு எந்த விதியும் கிடையாது, பிடிபடாமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஆவுடை கையை இறக்கினாள். ஆறு ஸ்வெட்டரில் ஐந்தைக் கழற்றிப் போட்டாள். தூக்கிச் செருகிய சேலையை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். நயினாரின் குழிக்கும் பகவதியின் குழிக்கும் நடுவில் புகுந்து, தளவாயின் குழியை வளைத்து, "பிடிங்கல பாப்போம்," என்று சொல்லிவிட்டு, வடக்கே பார்த்து ஓடினாள்.

நாற்பது வயதுக்காரியின் ஓட்டம்தான், மூச்சு இரைத்தது, ஷூ வழுக்கியது. ஆனாலும் ஓடினாள். பத்து எட்டுப் போயிருப்பாள், பின்னால் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. இழுத்து வைக்கிற ஒரு கால். துள்ளுகிற ஒரு கால். பொத்தென்று விழுந்து, எழுந்து, மறுபடி வருகிற ஒரு கால். திரும்பினால் ஆட்டம் போய்விடும் என்று திரும்பவில்லை. பச்சை வெளிச்சம் மேலே எழுந்து அவளோடு கூடவே ஓடியது, சிரிப்பு அவள் வாயில் இருந்து வெள்ளை வெள்ளையாகப் புறப்பட்டு முன்னால் போனது, அதைப் பிடிக்க அவள் ஓடினாள், அவளைப் பிடிக்க அந்த மூன்றும் ஓடி வந்தன, இடுப்பில் கயிறு சுண்டி இழுக்கிற வரைக்கும் அப்படி ஓடினார்கள்.

சந்து அவளை இழுத்து எடுத்தபோது அவள் புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது. படியில் விழுந்து கிடந்து மூச்சு வாங்கினாள். எல்லாரும் அவள்மேல் குனிந்து நின்றார்கள். பிடித்த கயிற்றை விடாமல் நயினார் பக்கத்தில் மண்டிபோட்டார்.

"போறோம் அத்தான்," என்றாள் ஆவுடை. "அங்க எனக்கு ஒரு பெரிய வேலை கெடக்கு."

நயினார் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். புகை வரவில்லை. தளவாயின் மேலுதட்டில், கடுகு அளவுக்கு ஒரு வியர்வை முளைத்தது. ஆவுடை அதை விரலால் தொட்டுப் பார்த்தாள், உப்புத்தானா என்று நாக்கில் வைத்தும் பார்த்தாள். அதற்குள் வெயில் எல்லாருடைய பிடரியிலும் கையை வைத்துவிட்டது. உள்ளறையில் சுவர், சுண்ணாம்பு உதிர்ந்த அதே சுவர், தன் இடத்தில் நின்றது. தரையெல்லாம் தண்ணீர். பஸ் ஹாரன் கேட்டது. ஸ்வெட்டர் போட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக, சாவு வீட்டில் செருப்பைத் தேடுகிறவர்கள்போலச் சத்தமில்லாமல், கழற்றினார்கள். தாசில்தார் உள்ளங்கையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இடுப்புப் பிள்ளை ஒன்று சூடு தாங்காமல் அழுதது. அது அழுத திக்கை ஆவுடை பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி தவிப்பு வந்துவிடும்.

அவள் இடுப்பில் கயிறு இன்னும் இருந்தது. நனைந்து, இழுபட்டு, முடிச்செல்லாம் கல்லாக இறுகிக் கிடந்தது. கொடிக்கயிறு எது, தொட்டில் கயிறு எது, எந்த வீட்டுக் கயிறு எங்கே முடிகிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. அண்ணனும் தம்பியும் தங்கள் முடிச்சின்மேல் குனிந்து, தலை முட்டிக்கொண்டு, பல்லால் கடித்துப் பார்த்தார்கள். மளிகைக்கடைக்காரர் கடைக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார்.

"கத்தரியைக் கீழ வையும்வே," என்றாள் உலகம்மா மைனி. "வெரலால அவுத்துக்கிடலாம். இப்ப என்ன, நம்ம எல்லாரும் ரயிலுக்கா போகணும்?"

தண்ணீரிலேயே உட்கார்ந்து, ஆவுடையின் இடுப்புப் பக்கம் முகத்தைக் கொண்டுபோய், முதல் முடிச்சின் வாலைத் தேட ஆரம்பித்தாள்.